பந்தடிக்க ஓர் இடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, ரூட்டிங்கில் வசிக்கும் தாயார் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். இப்பத்தியைத் தவறாது வாசிப்பவர். உள்நாட்டமைச்சின் கடிதம், வீட்டுக்காரரின் அறிவித்தல், பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று ஏதேனும் ஒன்றாகவே இருக்கும் என எண்ணிக் கடதாசியும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டோம். அவர் கேட்டதோ வேறு.

"மாஸ்ரர், கோல்ஃப் பழகிறதுக்குக் காசு குறைஞ்ச இடம் எங்கையாவது இருக்கோ?"

காதில் சரியாக விழவில்லையோ என ஐயுற்று மறுமுறை கேட்டோம். சரியாகவே விழுந்திருந்தது.

விடயம் இதுதான். அவருடைய இளைய மகளுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையில் ஒருநாள் வகுப்புப் பிள்ளைகளைக் கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். வாழ்நாளில் முதற்தடவையாக மட்டையைக் கையிலெடுத்த பிள்ளை, ஆறாவதோ ஏழாவதோ அடியில் பந்தை நூறு யார் தூரத்துக்கு நேர்கோடாக அனுப்பிவிட்டாள். "இதற்கு முன்னர் பழகியிருக்கிறாயா?" என்று அங்கிருந்த பயிற்றுநர் கேட்டாராம். அன்று தொடக்கம் அந்த வீட்டிற் குடைக்கு ஓய்வில்லை. தலைகீழாகப் பிடித்து வீசப்பட்ட குடையினால் கண்ணாடி அலுமாரியின் ஒரு கதவு உயிர் துறந்தது. தகப்பனார் இரவு வேலை செய்பவர். காலையில் வந்து கண்ணாடித் துண்டுகளைக் கண்டதும் அவர் சொன்ன தீர்ப்பு: "உது வெள்ளைக்காரப் பணக்காரன்ரை விளையாட்டு. எங்களுக்கென்னத்துக்கு? அந்த நேரத்துக்குக் கணக்கைப் படிக்கச் சொல்லு."

இத்தீர்ப்பை நாம் இலகுவில் தள்ளிவிடவில்லை. உண்மையைச் சொன்னால், எமது முதல் எண்ணமும் அதுவாகவே இருந்தது. கோல்ஃப் திடலை நாம் கண்டதெல்லாம் ரயில் யன்னலூடாகத்தான். வேலிக்கு அப்பாற் பச்சைக் கம்பளம். அதன்மேல் நான்கு முதியவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சிறு வண்டி. அவ்வளவே. ஆயினும் கேட்டவர் ஒரு தாய்; கேட்டது பிள்ளைக்காக. எனவே மூன்று சனிக்கிழமைகள் அலைந்தோம். அலைந்து அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். ரூட்டிங்கில் ஒருவருக்கு எழுந்த கேள்வி ஹறோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இன்னொருவருக்கு எழாதென்பது என்ன நிச்சயம்?

முதலில் தகப்பனாரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். கோல்ஃப் பணக்காரருக்கெனப் பிறந்த விளையாட்டன்று. ஸ்கொட்லாந்தில் 1457 இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் பாராளுமன்றம் காற்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. மக்கள் வில்வித்தை பயிலாது இவற்றிலேயே பொழுதைப் போக்குகின்றனர் என்பதே காரணம். சீமான்கள் நால்வர் மட்டும் ஆடிய ஆட்டத்துக்குச் சட்டம் எதற்கு? இன்றும் அந்நாட்டின் சென் அன்றூஸ் நகரில் உலகப் புகழ்பெற்ற பழைய திடல் பொதுச்சொத்தாகவே இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் இல்லை. ஊரவர் நாயைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் உலாவுகின்றனர். விளையாட்டு தெற்கே இறங்கி இங்கிலாந்துக்கு வந்து, கழகம், அங்கத்துவம், கழுத்துப்பட்டி என்றெல்லாம் வேலியடைத்துக்கொண்ட பின்னரே அது தகப்பனார் சொல்லும் விளையாட்டாயிற்று. அவ்வடிவில்தான் அது கப்பலேறி எமது தேசத்துக்கும் வந்தது. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் வெள்ளைக்காரர் கழகம் அமைத்தனர். எம்மவர் அங்கே பை சுமந்தனர்.

பை சுமந்தவர்கள் சும்மா சுமக்கவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இந்தியாவில் மட்டை தூக்கும் வேலையில் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009 இல் இந்தியத் திறந்த போட்டியை வென்றார். இலங்கையின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரருள் ஒருவரான நடராஜா தங்கராஜா, எம் மொழி பேசுபவர். இந்தியத் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் வெற்றி பெற்றவர். இப்பெயரை எமது பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கின்றனர்? நாமே இம்மாதந்தான் கேள்விப்பட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரத்தில் இந்திய வம்சாவளியில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் பப்வா சூகூலம். அவரும் பை சுமந்தே பழகியவர். எவரும் சொல்லிக்கொடுக்காமையால் மட்டையைத் தலைகீழாய், கீழே வரவேண்டிய கை மேலும், மேலே வரவேண்டிய கை கீழுமாகப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959 இல் ஐரோப்பாவுக்கு வந்து டச்சுத் திறந்த போட்டியை வென்றார். 1960 இலும் 1964 இலும் மீண்டும் வென்றார். 1963 இல் தன் சொந்த ஊரில் நேற்றால் திறந்த போட்டியில் வெள்ளையர் அனைவரையும் வென்றபோது மழை பெய்தது. கழகக் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாதென்பது அந்நாட்டின் நிறவெறி ஒழுங்கு. தோற்றவர்கள் உள்ளே நின்றார்கள். வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளியாகியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1965 இல், புகழ்பெற்ற ஹரி பிளேயரையே அவர் அதே போட்டியில் தோற்கடித்தார். பின்னர் அவரைப் போட்டிகளிலேயே ஆடவிடாது தடுத்தார்கள். 1978 இல் வறியவராக இறந்தார். இன்று டர்பனில் பொதுமக்கள் ஆடும் திடல் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இக்கதையைத் தகப்பனாரிடம் தொலைபேசியில் சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "அது சரி மாஸ்ரர், காசு?" என்றார். நியாயமான கேள்வி. வரலாறு வாளி நிறையப் பந்து வாங்கித் தராது.

காசு விடயத்தில் எம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கோல்ஃப் என்றதும் கழக அங்கத்துவத்தையே நினைக்கின்றோம். லண்டனைச் சுற்றியுள்ள தனியார் கழகங்களில் ஆண்டுச் சந்தா ஆயிரக்கணக்கில் என்பது உண்மை. ஆனால், பிள்ளை பழகுவதற்குக் கழகம் வேண்டியதில்லை. நீச்சல் பழக எவரும் கடலை வாங்குவதில்லை அல்லவா? வேண்டியது மூன்றே: பந்தை வீசியடிக்க ஒரு பயிற்சித் திடல், குறுந்தூரம் அடித்துப் பார்க்க ஒரு சிறு திடல், பந்தை உருட்டிக் குழியில் விழுத்தப் பழக ஒரு சமதரை. இவற்றுள் மூன்றாவதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதை முதலில் சொல்கின்றோம்.

பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுத்திடலுக்கு இத்தனை அடிகள் என்றொரு கணக்கு உண்டு, பொதுவாக 72. அக்கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடிகள் பந்தை உருட்டுவதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. பதினெட்டை இரண்டாற் பெருக்கினால் 36. ஆட்டத்தின் சரிபாதி உருட்டலே! குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். வீட்டில் தேநீர் குடிக்கும் கோப்பையின் வாய் அதிலும் சிறிது. கோப்பையைக் கம்பளத்தில் படுக்கவைத்து, ஏழு அடி தூரத்திலிருந்து பத்துக்கு எட்டு முறை பந்தை அதற்குள் உருட்டக்கூடிய பிள்ளைக்கு, உண்மையான குழி கிணறு போலத் தோன்றும். இதை நாம் அத்தாயாருக்குச் சொன்ன மறுநாளே நடைபாதையில் பயிற்சி தொடங்கிற்று. கீழ்த்தட்டில் வசிப்பவர் இரவு பத்து மணிக்குக் கூரையைத் தட்டினார் என்பது வேறு விடயம். இப்போது மாலை ஏழு மணியுடன் நிறுத்தம்.

இனிப் பயிற்சித் திடல். 'றைவிங் றேஞ்ச்' என்று ஆங்கிலத்திற் சொல்வார்கள். கூரையிட்ட கொட்டில்களின் வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு புற்பாய். எதிரே திறந்த வெளியில் தூரம் குறித்த பலகைகள். பணம் கொடுத்து ஒரு வாளி பந்து வாங்கி அடிக்க வேண்டியதுதான். பந்தைப் பொறுக்க ஓடவேண்டியதில்லை. அதற்கு ஒரு வண்டி வரும். அங்கத்துவம் இல்லை, முன்பதிவு பெரும்பாலும் இல்லை, உடுப்பு விதி இல்லை. சாதாரணச் சப்பாத்துப் போதும். மழையிலும் அடிக்கலாம், வெளிச்சம் பாய்ச்சியிருப்பதால் மாரியில் ஆறு மணிக்குப் பின்னரும் அடிக்கலாம். மட்டை இல்லாதவர்களுக்கு இரவல் அல்லது சிறு வாடகைக்குத் தருவார்கள். நாம் சென்ற இடங்களில் ஐம்பது பந்துகள் எட்டுப் பவுண் அளவில் இருந்தன. வார நாட்களிற் பகலில் குறைவு. ஐம்பது பந்தையும் ஒரு பிள்ளையே அடித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. அக்காவும் தங்கையும் பங்கிடலாம். அவசரமாக அடிக்கும் நூறு பந்திலும், ஒவ்வொன்றின் பின்னும் நின்று யோசித்து அடிக்கும் இருபத்தைந்து பந்து மேலானது. இது வாய்ப்பாடு மனனம் செய்வித்த காலந்தொட்டு நாம் அறிந்த உண்மை.

ரூட்டிங் குடும்பத்துக்கு அண்மையில், ஏர்ல்ஸ்பீல்ட் பக்கமாகப் பேர்ன்ற்வூட் ஒழுங்கையில் ஒன்பது குழித் திடலும் பயிற்சித் திடலும் சேர்ந்த ஒரு நிலையம் உண்டு. பெயர் 'சென்றல் லண்டன் கோல்ஃப் சென்ரர்'. நகர மத்தியில் இல்லாத இடத்துக்கு ஏன் அப்பெயரோ தெரியாது; நமக்குக் கிட்ட என்பதே முக்கியம். சற்றே தொலைவில் றிச்மண்ட் பூங்காவின் பொதுத் திடல்கள். இவற்றின் பிறப்புக் கதை எமது தகப்பனாருக்கு நேரடியான பதில். கழகத்துக்குப் பணம் கட்ட முடியாத கைவினைத் தொழிலாளர் ஆடுவதற்கென்றே அவை அமைக்கப்பட்டன. முதலாவதை 1923 இல் வேல்ஸ் இளவரசரும், இரண்டாவதை 1925 இல் யோர்க் கோமகனும் திறந்து வைத்தனர். அதனாலேயே ஒன்றுக்கு இளவரசர் திடல், மற்றதற்குக் கோமகன் திடல் என்று பெயர். திறந்தவர்கள் இருவரும் பின்னர் அடுத்தடுத்து மன்னராயினர். திடல்கள் மட்டும் இன்றுவரை அன்றாடக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் உரியனவாய் இருக்கின்றன. அங்கே பயிற்சித் திடலும் உண்டு.

குறுந்தூரத் திடல்களை 'பிற்ச் அன்ட் பற்' என்பார்கள். இரண்டு மட்டையும் ஒரு பந்தும் கையில் தந்து அனுப்புவார்கள், குடும்பமாகச் செல்லலாம். வடக்கே உள்ளோருக்கு அலெக்சாண்ட்றா மாளிகைப் பூங்காவிலும், தென்மேற்கே ஈஸ்ட் ஷீன் பகுதியின் பேல்வெல் பொதுவெளியிலும் இவை உள்ளன. கோடை காலத்தில் இருப்பதெல்லாம் மாரியில் இராது. ஆதலால் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டுக்கு முன்னுள்ள பூங்காவில் மட்டையை வீச வேண்டாம். பல நகரசபைகளின் பூங்கா விதிகள் அதைத் தடைசெய்கின்றன. விதியை விடுங்கள், ஒரு பந்து குழந்தையின் நெற்றியிற் பட்டால் என்னாகும்?

மட்டைக்கு வருவோம். விதிப்படி ஒருவர் பதினான்கு மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். விளம்பரங்களைப் பார்த்து முழுத்தொகுதி வாங்கப் புறப்படாதீர்கள். தொடங்குபவருக்கு 'ஏழாம் இரும்பு' எனப்படும் ஒரே மட்டை ஆறு மாதத்துக்குப் போதும் என்று எம்மோடு பேசிய பயிற்றுநர் சொன்னார். சறிற்றிக் கடைகளின் மூலையில், காலமானவர்களின் மட்டைகள் குடைகளோடு நிற்கும். நாம் மிற்சத்தில் ஒரு கடையில் ஐந்து பவுணுக்கு ஒன்று வாங்கினோம். வாங்கியபின்னரே அது இடக்கைக்காரருக்கானது எனக் கண்டோம். கடைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார். வாசகர்கள் பார்த்து வாங்குக.

பிள்ளை முன்னேறினால் அடுத்த படி என்ன என்றும் கேட்டறிந்தோம். திறனைக் குறிக்கும் 'ஹன்டிகப்' எண் இல்லாமல் போட்டிகளிற் சேர இயலாது. முன்பு அது வேண்டுமாயின் கழக அங்கத்துவம் வேண்டும். 2021 தொடக்கம், கழகத்தைச் சாராதவருக்கும் சிறிய ஆண்டுக் கட்டணத்தில் அவ்வெண்ணைப் பெறும் ஏற்பாட்டை இங்கிலாந்தின் கோல்ஃப் அமைப்பே செய்துள்ளது. அது வளர்ந்தோருக்குப் பயன்படும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, 1952 இல் நிறுவப்பட்ட 'கோல்ஃப் பவுண்டேசன்' என்னும் அறநிறுவனம் பாடசாலைகள் வாயிலாகவே பணிபுரிகின்றது. ஆதலால் பெற்றோர் முதலில் நாட வேண்டியவர் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். பல கழகங்களில் சிறுவர் அங்கத்துவம் பெரியவர்களுடையதிற் சிறு பங்கே. கேட்டால்தான் தெரியும். கேட்க எமக்குக் கூச்சம்.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதையும் எழுதாவிடில் இப்பத்தி பொய்யாகிவிடும். முதற்சனிக்கிழமை, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கழகத்தின் வாயிலில், சிறுவர் பயிற்சி பற்றி விசாரிக்க அத்தாயாருடனும் பிள்ளையுடனும் நின்றோம். உள்ளிருந்து வந்தவர் எமது கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, பொதிகளைப் பின்வாசலிற் கொடுக்கும்படி மரியாதையாகவே சொன்னார். அவருக்குத் தீய எண்ணம் இருந்ததாக நாம் கூறவில்லை. அவ்வாயிலுக்கு எம் நிறத்தோர் அதுவரை பொதியுடன்தான் வந்திருக்கிறார்கள் போலும். தாயார் திரும்பி நடக்கத் தொடங்கினார். பிள்ளைதான் முன்னே போய், தெளிந்த ஆங்கிலத்தில், தான் விளையாடப் பழக வந்திருப்பதாகச் சொன்னாள். அவர் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார். கட்டணத்தைப் பார்த்ததும் நாம் அதனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம். வரும் வழியில் எவரும் பேசவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1950 களின் பிற்பகுதியில் இதே லண்டனின் பின்ச்லியில் ஒரு கழகம் யூதரைச் சேர்க்க மறுத்துவந்தது வெளியாகி, உள்ளூர் அரசியலையே கலக்கியது. அக்காலத்தில் யூதர் மனந்தளராது தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். பெண்களின் நிலை இன்னும் விசித்திரம். சென் அன்றூஸின் புகழ்பெற்ற ஆண்கள் கழகம் பெண்களை அங்கத்தவராக்க வாக்களித்தது 2014 இல். ஆண்டைக் கவனியுங்கள், அச்சுப்பிழையன்று.

இரண்டாம் சனிக்கிழமை மனம் சற்றுத் தேறியது. விம்பிள்டன் கணபதி கோவிலில் கும்பிட்டுவிட்டு, பிள்ளையின் பெரியம்மாவும் சேர்ந்துகொள்ள, விம்பிள்டன் பொதுவெளிப் பக்கம் நடந்தோம். மரங்களுக்கிடையே சிவப்பு மேலாடை அணிந்த கூட்டம் ஒன்று. "மேல்மருவத்தூர் ஆக்களோ?" என்றார் பெரியம்மா, கையைக் கூப்பத் தயாராகி. கிட்டப் போனால் எல்லோர் கையிலும் கோல்ஃப் மட்டை! அது பொதுமக்கள் உலாவும் நிலம்; ஆதலால் ஆடுபவர்கள் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு மேலாடை அணிய வேண்டும் என்பது அங்கே நெடுங்கால விதி. நடப்பவரும் குதிரைக்காரரும் பிள்ளைகளும் கடக்கும்வரை ஆட்டக்காரர் நின்று வழிவிடுகின்றனர். வேலியில்லாத கோல்ஃபை அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம். பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தாள்.

ஒரு பெரிய கேள்வியைக் கடந்துபோக எமக்கு மனமில்லை. கட்டடக் கலைஞர் றசல் கேர்ட்டிஸ் 2021 இல் தொகுத்த கணக்கின்படி பெருநகர் லண்டனில் தொண்ணூறுக்கு மேற்பட்ட கோல்ஃப் திடல்கள் உள்ளன. அவற்றின் பரப்பைக் கூட்டினால் பிறெண்ட் நகரசபைப் பகுதி முழுவதையும்விடச் சற்றுப் பெரிது. வெம்பிளியும் அல்பேர்ட்டனும் அடங்கிய பிறெண்ட்! எமது குடும்பங்கள் ஒற்றை அறைத் தற்காலிக விடுதிகளில் ஆண்டுக்கணக்காய் வீட்டுக்குக் காத்திருக்கையில், இத்தனை நிலமும் சிலர் பந்தடிக்கவா என்று கேட்பவரை நாம் குறைகூற மாட்டோம். நாமும் கேட்டோம். ஆனால் மூடப்படுபவை எவை என்று பாருங்கள். பெக்கன்ஹாம் பிளேஸ் பூங்காத் திடல் 2016 இல் மூடப்பட்டது. என்பீல்டில் வைற்வெப்ஸ் திடல் 2021 இல் மூடப்பட்டது. இரண்டும் நகரசபைக்குச் சொந்தமானவை. எவரும் சென்று சில பவுணுக்கு ஆடக்கூடியவை. வருமானம் போதாது என்பதே நகரசபைகள் சொன்ன காரணம். பெக்கன்ஹாமில் இன்று நீச்சற் குளமும் புல்வெளியும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நல்ல காரியமே, கோடையில் எம்மவரையும் அங்கே காண்கிறோம். எமது மனத்தாங்கல் இதுதான்: வேலிக்குள் இருப்பவை அப்படியே இருக்க, வாயில் திறந்திருந்தவையே முதலில் போகின்றன. தகப்பனாரின் கூற்று பொய்யாயிருந்த இடங்களும் இவ்வாறு ஒவ்வொன்றாக மெய்யாகிக்கொண்டு வருகின்றன. உங்கள் நகரசபை இத்தகைய திடலொன்றைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கோரும்போது, கோல்ஃப் நமக்கென்ன என்று கடிதத்தைக் குப்பையிற் போடாதீர்கள். வீடு வேண்டுமாயின் வீடு வேண்டும் என்றும், திடல் வேண்டுமாயின் திடல் வேண்டும் என்றும் எழுதுங்கள். கேட்கப்படும்போது பேசாதிருப்பது மட்டும் வேண்டாம்.

அரங்கேற்றத்துக்கு மண்டபமும் பட்டும் பக்கவாத்தியமுமாக ஆயிரங்களைச் செலவழிக்கும் எம்மவர், எட்டுப் பவுண் பந்துக்கு ஏன் இத்தனை யோசிக்கிறோம் என்றும் ஓர் எண்ணம் எழுந்தது. அதை அத்தாயாரிடம் சொல்லவில்லை. மூத்த மகளின் அரங்கேற்றக் கடன் இன்னும் முடியவில்லை என்று அறிந்திருந்தோம்.

மூன்றாம் சனிக்கிழமை தகப்பனாரும் வந்தார். இரவு வேலை முடித்து நித்திரையின்றி வந்த கோலம். கையைக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் நின்றார். பிள்ளை அடித்தாள். முதல் நான்கு பந்துகள் பக்கவாட்டில் ஓடின. ஐந்தாவது எழுந்தது, எழுந்து, எழுந்து, நூறு யார்ப் பலகையைத் தாண்டி விழுந்தது. அடுத்த கொட்டிலில் நின்ற முதியவர் ஒருவர் கைதட்டினார். தகப்பனார் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ தம்பி" என்றோம்.

"எனக்குத் தெரியாது மாஸ்ரர்" என்று சொல்லிக்கொண்டே மட்டையை வாங்கினார். மூன்று முறை வீசினார். மூன்று முறையும் பந்து பாயிலேயே இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்காவது முறை அவர் கால்களை அகட்டி, உடலைத் தாழ்த்தி, ஊரில் கிட்டிப்புள் அடிக்க நிற்கும் அதே நிலையில் நின்றார். பந்து தாழப் பறந்து வெகுதூரம் போயிற்று. நேராகவல்ல; ஆனால் வெகுதூரம்.

"அப்பா, கை பிழை" என்றாள் பிள்ளை.

"பந்து போட்டுதெல்லோ" என்றார் அவர்.

வாளியில் எஞ்சியிருந்த பந்துகளை இருவரும் எண்ணிப் பங்கிட்டுக்கொண்டார்கள். இப்போது மாதம் இருமுறை செல்வதென முடிவாகியிருக்கின்றது. கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்தால் ஒருமுறை. நாம் வாங்கிக் கொடுத்த ஐந்து பவுண் மட்டை பெரியவர்களின் அளவு. பிள்ளைக்கு ஒரு சாண் நீளம். நீளமான மட்டையோடு பழகினால் பிழையான பழக்கம் ஊறிவிடும் என்கிறார் பயிற்றுநர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சிறுவர் அளவு மட்டை எவர் வீட்டிலாவது சும்மா கிடக்குமாயின், வலக்கைக்குரியதுதானா என்று பார்த்து, எமது பணிமனையில் ஒப்படைத்தால் உரிய இடத்துக்குச் சேர்ப்பிப்போம். பணிமனை மாலை ஐந்து மணிவரை திறந்திருக்கும்.